நான் போனப்போ நல்லா இருந்துச்சு

ஊட்டிக்குக் கிளம்புகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். 'இப்பவா? சரியான கூட்டமாச்சே! நாங்க எண்பத்தாறுல போனோம். அடடா... ரோட்டுல ஈ, காக்கா கிடையாது' என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். நீங்கள் இன்னும் பெட்டியைக்கூட மூடியிருக்க மாட்டீர்கள். அதற்குள் உங்கள் ஊட்டி பாதி செத்துப் போயிருக்கும்.

அப்படிச் சொல்கிறவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

2007 நவம்பரில் வேலை நிமித்தமாகப் பத்து நாள் ஐரோப்பா போனேன். திட்டக்குடியில் பிறந்து, விருத்தாசலத்தில் பி.காம். படித்து, டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் ஒரு விநாடி யோசிக்கிற ஆசாமி நான். என்னை ஒரு காலை நேரத்துப் பனியில் வெனிஸ் நகரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் என்ன ஆவேன்? சந்துகளில் மனித நடமாட்டம் இல்லை. எங்கோ தண்ணீர் படிக்கட்டில் மோதுகிற சத்தம். கோட்டுப் போட்ட ஒரு பாட்டி காய்கறிப் பையோடு என்னைக் கடந்து போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால், திரும்பி வந்த பிறகு அந்தப் பனியை நான் எத்தனை பேரிடம் விற்றிருப்பேன் என்று கணக்கே இல்லை.

வருஷம் ஏற ஏற அந்தப் பனி அடர்த்தியாகிக்கொண்டே போனது. பாட்டிகூட அழகாகிவிட்டார்.

2018ல் அம்மா போன் செய்தார். அம்மா ரிட்டயர்டு ஆரம்பப் பள்ளி ஆசிரியை. திட்டக்குடியில் அவரை மாதிரி ரிட்டயர்டு டீச்சர்கள் ஒரு கோஷ்டி உண்டு. காசி, ராமேஸ்வரம், ஷீரடி எல்லாம் முடித்துவிட்ட கோஷ்டி. 'ஏம்பா, ஐரோப்பா டூர் ஒண்ணு போட்டிருக்காங்க. பத்து நாள், ஆறு நாடு. கூடவே சமையல்காரர் வர்றாராம், சாம்பார் சாதம் கிடைக்குமாம். ரெண்டு லட்சத்துச் சொச்சம். என்கிட்ட இருக்கு. போகட்டுமா?'

அம்மாவுக்கு ஐரோப்பா ஆசை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியும். டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து 'சிவந்த மண்' பார்த்த பெண் அவர். 1969ல் வந்த படம். ஸ்ரீதர் வெளிநாட்டுக்கே போய்ப் படம் பிடித்துவந்து, பஸ்ஸில் விருத்தாசலம் போவதே பெரிய பயணமாக இருந்தவர்களுக்கு சுவிட்சர்லாந்துப் பனியைக் காட்டினார். அதற்குப் பிறகு ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணக் கட்டுரைகள். லைப்ரரியில் இருந்த பைண்டு வால்யூமை அம்மா இரண்டு தடவை எடுத்துப் படித்தாராம். ஆக, அது ஐம்பது வருஷத்து ஆசை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

'அம்மா, பத்து நாள்ல ஆறு நாடுன்னா அது பாக்கறதா? பஸ் ஜன்னலை எண்ணிட்டு வர்ற வேலை. வெனிஸ்ல இப்ப நிக்க இடம் கிடையாது. மோனாலிசா முன்னாடி நின்னா செல்போன்தான் தெரியும், மோனாலிசா தெரியாது. கொஞ்சம் பொறு. நான் உன்னைத் தனியா, அமைதியா கூட்டிட்டுப் போறேன்.'

அம்மா பெயரை எடுத்துவிட்டார். மற்ற டீச்சர்கள் போய்விட்டு, ஈஃபிள் கோபுரம் போட்ட காந்தம் ஒன்று வாங்கிவந்து கொடுத்தார்கள். அது இன்னும் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. 2020ல் கொரோனா. பிறகு அம்மாவுக்கு முழங்கால். பிறகு மூச்சு. இப்போது வாசலில் நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறார். நீண்ட விமானப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நான் சொன்ன தகவலில் பொய் எதுவும் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது. வெனிஸில் கூட்டம்தான், மோனாலிசா முன் செல்போன்கள்தான். ஆனாலும் அதைச் சொல்கிற உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? முன்னாலேயே போய்விட்டு வந்தவன் என்பதைத் தவிர, என்னிடம் வேறு என்ன இருந்தது?

போன முறை ஊருக்குப் போனபோது இதைக் 'கப்பல்காரர்' என்று நாங்கள் கூப்பிடுகிற பெரியவர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சரக்குக் கப்பலில் எஞ்சின் ரூமில் இருந்தவர். எழுபதுகளில் ராட்டர்டாம், ஹாம்பர்க், வெனிஸ் பக்கத்து மார்கெரா துறைமுகம் என்று சுற்றியவர். அவர் வீட்டு ஷோகேஸில் நீலமும் வெள்ளையுமாக ஒரு ஹாலந்து பீங்கான் ஓடு, அதன் பக்கத்திலேயே விருத்தாசலத்தில் செய்த பீங்கான் பிள்ளையார். இரண்டும் ஒரே பளபளப்பு.

'நீங்க 2007ல போனதெல்லாம் ஒரு வெனிஸா தம்பி? எழுபத்துநாலுல பாத்திருக்கணும்' என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அம்மாவிடம் சொன்ன அதே வசனம்!

'உங்ககிட்ட யாராவது இதைச் சொன்னாங்களா மாமா?' என்று கேட்டேன்.

'சொல்லாமயா? துறைமுகத்துல கயிறு கட்ற கிழவன் ஒருத்தன். சண்டைக்கு முன்னாடி பாத்திருக்கணும்னு சொன்னான். இங்கிலீஷும் கையுமா.'

இந்த ஏணியில் இறங்கிக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்தேன். அச்சில் கிடைக்கிற நல்ல சாட்சி, ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். அவர் வாழ்ந்த ஏரி மாவட்டத்துக்கு ரயில் விடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் 1844ல் அதை எதிர்த்துக் கவிதை எழுதினார், பத்திரிகைக்கு நீண்ட கடிதங்கள் எழுதினார். இயற்கை அழகை ரசிக்கப் பயிற்சி வேண்டும், ஆலைத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்குவதால் அவர்களுக்கும் லாபமில்லை, ஊரும் கெடும் என்பது அவர் வாதம். 1847ல் ரயில் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஊருக்கு ஆட்களை வரவழைத்த பயண வழிகாட்டிப் புத்தகத்தை எழுதியவரும் இதே வேர்ட்ஸ்வொர்த்தான்! 1810ல் முதலில் எழுதி, 1835 வரை திருத்தித் திருத்திப் பதிப்பித்தார். புத்தகம் வாங்கக் கூடியவர்கள் வரலாம், ரயில் டிக்கெட் மட்டும் வாங்கக் கூடியவர்கள் வரக்கூடாது. பாவம், அவரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நான் பத்திரிகையில் பனியைப் பற்றி எழுதியவன்தானே.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1841 ஜூலை 5ஆம் தேதி, தாமஸ் குக் என்பவர் லெஸ்டர் நகரத்திலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ரயிலில் சுமார் ஐந்நூறு பேரைக் கூட்டிப்போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். மதுவிலக்குக் கூட்டத்துக்காகப் போன ரயில் அது. இன்றைய பேக்கேஜ் டூருக்கெல்லாம் அதுதான் தாத்தா. அவருடைய ஆட்கள் இத்தாலிக்கு வர ஆரம்பித்ததும், முன்பே அங்கே உலாவிக்கொண்டிருந்த கனவான்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது வேறு மாதிரியும் தெரியும். ஃபிரெட் ஹிர்ஷ் என்ற பொருளாதார நிபுணர் 1976ல் ஒரு புத்தகம் எழுதினார். சில பொருள்களின் மதிப்பு, அவை மற்றவர்களிடம் இல்லை என்பதில்தான் இருக்கிறது என்றார். அரிசி அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் சோறு சாப்பிட்டால் என் சோற்றின் ருசி குறையாது. ஆனால், ஏரிக்கரையில் தனி வீடு என்றால், இன்னும் நூறு பேர் அங்கே வீடு கட்டியதும் அது தனி வீடு இல்லை. என் வெனிஸ் பனி இந்த இரண்டாவது ஜாதி. நான் அனுபவித்தது வெனிஸை மட்டுமல்ல, மற்றவர்கள் வராததையும்தான்.

அந்த 'மற்றவர்கள் வராதது' எப்படி சாத்தியமானது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'அந்தக் காலத்து ஐரோப்பா' என்று உருகுகிறோம். அந்தக் காலத்தில் நம்மில் யார் போனோம்? 1888ல் லண்டன் கிளம்பிய காந்தியை அவருடைய ஜாதியார் தள்ளி வைத்தார்கள். 1914 மார்ச்சில் ராமானுஜன் சென்னையில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் நடந்த போராட்டம் ஊரறிந்த கதை. ஜாதி ஒருவழியாக விட்டுக் கொடுத்தபோது சர்க்கார் குறுக்கே நின்றது. பாஸ்போர்ட் என்பது அரசாங்கம் பார்த்துக் கொடுக்கிற சலுகையாக இருந்தது. வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 1967 ஏப்ரலில்தான் தீர்ப்பு சொன்னது. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் ஆம், இரண்டு பேர் இல்லை. பாஸ்போர்ட் சட்டமே அந்த வருஷம்தான் வந்தது. பாஸ்போர்ட் கிடைத்தாலும் கையில் எட்டு டாலரோடு விமானம் ஏறியவர்களின் கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்நியச் செலாவணிப் பஞ்சம்.

இத்தனை பூட்டுக்குப் பின்னால் இருந்ததால்தான் அந்த ஐரோப்பா நமக்கு அமைதியாக இருந்தது. காலி இருக்கைகளைப் பார்த்து 'அடடா, என்ன விசாலம்' என்கிறோம். டிக்கெட் கிடைக்காமல் வெளியே நின்றவர்களின் இருக்கைகள் அவை.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஏ.கே. செட்டியார் முப்பதுகளில் உலகம் சுற்றினார். காந்தியைப் பற்றிய படச்சுருள்களைத் தேடி நாடு நாடாக அலைந்து, 1940ல் ஆவணப்படமாக வெளியிட்டவர். அவருடைய பயணக் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். தன்னைப் பற்றிக் குறைவாகவும், பார்த்த மனிதர்களைப் பற்றி நிறையவும் எழுதியவர். 'நீ போகாதே' என்று ஒலிக்காமல், 'நீயும் போய்ப் பாரேன்' என்று ஒலிக்கிற எழுத்து.

கப்பல்காரர் எழுபத்துநாலு வெனிஸைப் பற்றி அன்று அரை மணி நேரம் பேசினார். பியாட்சா சான் மார்க்கோவில் புறாக் கூட்டம், அதற்குத் தீனி விற்கிறவன், தோளில் வந்து உட்கார்ந்த புறா. (2008ல் தீனி விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள். புறா எச்சத்தில் கட்டடங்கள் அரித்துப்போகின்றன.) பேச்சு முடிகிற நேரத்தில், டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சும்மா ஒரு வாக்கியம் சொன்னார்.

'அங்க ஒரு காபிக் கடைக்கு நானும் இன்னொரு பையனும் போனோம். வெளியில நின்னு குடிங்கன்னுட்டான். உள்ள நாலு பேர்தான் இருந்தான். எடம்லாம் இருந்துச்சு.'

அரை மணி நேரத்தில் அவர் 'அழகு' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்! இதை ஒரே ஒரு தடவை. நான் மேலே கேட்கவில்லை.

'இவனுங்க எல்லாம் வந்தா இடம் கெட்டுப் போயிடும்' என்ற வாதம் நமக்குப் புதிதா என்ன? 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்ட மக்கள் சிலர் நுழைந்தார்கள். அம்மன் கோயிலை விட்டே போய்விட்டாள் என்று ஒரு தரப்பு சொன்னது. இன்றைக்கு அந்தக் கோயிலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து, 'முப்பத்தெட்டுல வந்திருக்கணும், என்ன அமைதி!' என்று யாராவது சொல்வோமா? சொன்னால் அடி விழும்.

ஆனால், இங்கே நான் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த ஒப்புமையை முழுசாக இழுத்துக்கொண்டு போனால், டூர் கம்பெனி விளம்பரம் எழுதுகிறவனாகி விடுவேன்.

வெனிஸின் பழைய நகரத்தில் 1951ல் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேர் குடியிருந்தார்கள். 2022ல் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. அவர்களின் வீடெல்லாம் தங்கும் விடுதியாகிவிட்டது. மளிகைக் கடை இருந்த இடத்தில் முகமூடிக் கடை. 2024 ஜூலையில் பார்சிலோனாவில் உள்ளூர்க்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர் அடித்தார்கள். 1950ல் உலகம் முழுக்க நாடு விட்டு நாடு போன பயணிகள் சுமார் இரண்டரைக் கோடி. 2024ல் 140 கோடி. இத்தனை பேரை எந்தச் சந்து தாங்கும்? நம் ஊட்டிக்கே 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு அது.

எனவே புகார் சொல்கிறவர்கள் எல்லாம் ஒன்றில்லை. காய்கறிப் பையோடு என்னைக் கடந்து போன அந்தப் பாட்டி, 'இத்தனை பேர் வராதீர்கள்' என்று சொன்னால் நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பேன். அது அவர் தெரு. அவர் குடியிருந்த வாடகை வீட்டை விடுதியாக்கியிருக்கலாம். ஆனால், பத்து நாள் விருந்தாளியாகப் போன நான், இன்னொரு விருந்தாளியை வாசலில் மறித்து 'பந்தி முடிஞ்சுபோச்சு, நான் சாப்பிட்டப்போ வடை சூடா இருந்துச்சு' என்று சொல்கிறேனே, இது என்ன நியாயம்? பாட்டியின் வழக்கை நான் எடுத்துக்கொண்டு, என் அம்மாவுக்கு எதிராக வாதாடியிருக்கிறேன். பாட்டி என்னை வக்கீலாக நியமிக்கவே இல்லை. அவர் கணக்கில் நானும் கூட்டத்தில் ஒரு தலை.

விமானப் புகை பற்றி நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூமி சூடாவதில் விமானங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால், அந்தக் கணக்கிலும் இதுவரை நிறையப் பறந்தவர்கள் பெயரில்தான் பற்று அதிகம். நான் அதற்குப் பிறகு நாலு தடவை வெளிநாடு போய் வந்துவிட்டேன். ஒரு தடவைகூடப் பறக்காத அம்மாவிடமா கணக்கை முடிப்பது?

பழையதை நினைத்து ஏங்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊர் வெள்ளாற்றில் நான் சின்னப் பையனாக இருந்தபோது மணல் கிடந்த கிடப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. கோடையில் கையால் ஒரு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும். கீழ்ச்செருவாய் வெலிங்டன் ஏரி நிரம்பிய வருஷங்களில் சைக்கிளில் போய்ப் பார்ப்போம், கடல் மாதிரி இருக்கும். அந்த மணல் எங்கே? இந்த ஏக்கம் வேறு. அதை யாரும் வந்து பார்த்ததால் அது போகவில்லை, அள்ளிக்கொண்டு போனதால் போனது. 'அப்போ நல்லா இருந்துச்சு' என்று இங்கே சொன்னால் அது சாட்சி சொல்வது. ஒரு முழத்தில் ஊற்று இருந்தது என்று பார்த்தவன் சொல்லாவிட்டால், இருபதடியில் தண்ணீர் இருப்பதுதான் இயற்கை என்று அடுத்த தலைமுறை நினைத்துக்கொள்ளும். வெனிஸ் பாட்டியின் புகாரும் இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. என்னுடைய பனிக் கதை இந்த வகையில் சேராது. நான் எவ்வளவு புரட்டிப் பார்த்தும் சேரவில்லை.

2024 ஏப்ரல் 25ஆம் தேதி. நான் ஊரில் இருந்தேன். காலையில் போய் மாலையில் திரும்புகிற பயணிகளிடம் வெனிஸ் நகரம் நுழைவுக் கட்டணம் வசூலிக்க ஆரம்பித்த நாள். அந்த வருஷம் 29 நாள்களுக்கு மட்டும், ஆளுக்கு ஐந்து யூரோ. டி.வி. செய்தியில் காட்டினார்கள். அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

'அஞ்சு யூரோன்னா நம்ம காசுல எவ்ளோப்பா?'

'நானூத்தம்பது இருக்கும்.'

'நம்ம ஊர்ல சிறப்பு தரிசனம் மாதிரிதான்னு சொல்லு.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் பாலம் தெரியாத அளவுக்குத் தலைகள். தொப்பிகள், குடைகள், குச்சியில் மாட்டிய செல்போன்கள். 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல' என்று சொல்ல அருமையான சந்தர்ப்பம். வாய்வரை வந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

அம்மா அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அந்தப் பொம்பளை பாரேன், என் வயசுதான் இருக்கும். எவ்ளோ ஆசையா நிக்கிறா' என்றார்.

செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. ரிமோட்டைத் தேடி சத்தத்தைக் குறைத்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

'அன்னிக்கு பனியில பாத்தியே, அதைச் சொல்லு.'

எத்தனையோ பேரிடம் சொன்ன கதை. அன்றைக்கு ஏனோ தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். சந்து, தண்ணீர்ச் சத்தம், பாட்டி, பை. சீக்கிரம் முடிந்துவிட்டது.

'புறா?' என்றார் அம்மா. 'போன வாட்டி சொல்றப்போ தோள்ல ஒரு புறா வந்து உட்கார்ந்துச்சுன்னியே?'

'அது கப்பல்காரரோட புறாம்மா' என்றேன்.